ஐந்து என்று எழுதியிருந்த டிஸ்க்

என் மாமியார் கனகம் பிறப்பால் சீனச்சி. பிறந்த ஐம்பதாவது நாள் ஒரு துண்டில் சுற்றி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஆறுமுகம் வீட்டில் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவதும் பெண், ராசியும் சரியில்லை என்று யாரோ சொன்னார்களாம். சுங்கைப்பட்டாணிப் பக்கம் அந்தக் காலத்தில் இப்படித் தமிழர் வீட்டுக்கு வந்த சீனக் குழந்தை, தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு ஒன்றாவது இருக்கும். இன்றைக்கும் அவர் மார்க்கெட்டுக்குப் போனால் மீன்காரன் முகத்தைப் பார்த்துவிட்டு ஹொக்கியன் சீனத்தில் பேசுவான். "எனக்கு அதெல்லாம் வராது, ஒழுங்கா மலாய்ல விலையச் சொல்லு" என்று இவர் எரிந்து விழுவார்.

பெற்றவளைப் பற்றிப் பேச்செடுத்தால் அவ்வளவுதான். "வேண்டாத பொருள வாசல்ல வச்சுட்டுப் போனவ. அந்தப் பொம்பளையப் பத்தி எங்கிட்ட பேசாத" என்று எழுந்து போய்விடுவார். நான் மருமகளாக வந்து இருபத்தேழு வருஷம். எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தை நான் தொட்டதே இல்லை.

அதைத் தொட வைத்தது ரோடு. ஊருக்கு வெளியே குன்றடியில் இருந்த பழைய சீன மயானத்தின் குறுக்கே புது ரோடு வருகிறது என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. ஏப்ரல் மாதம் இறந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் வந்து கடைசியாகச் சமாதிகளைக் கூட்டித் துடைத்து, ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போனார்கள். மே மாதம் தோண்ட ஆரம்பித்தார்கள். எலும்புகள் எண் எழுதிய ஜாடிகளுக்குப் போயின, கற்கள் உடைந்து லாரிக்குப் போயின. உரிமை கோரி யாரும் வராத ஜாடிகளை ஒன்றாக எரித்துக் கடலில் கரைப்பார்கள். உரிமை கோரக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி.

மாமியாரின் வளர்ப்புத் தாய் ஒரு துண்டுச் சீட்டை விட்டுப் போயிருந்தார். தோட்டத்துக் கணக்கு பார்த்த கிராணி எழுதியது. "ஓங் கிம் சூ மகள் குவாட் ஹுவா, ஆறுமுகம் வீட்டுக்கு" என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நான்தான் மயானக் கமிட்டி ஆபீசுக்குப் போனேன். மாமியாரிடம் சொல்லாமல்தான் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி, ஓங் கிம் சூ, இறந்தது அறுபத்தெட்டில், கல் எண் 1187 என்றார். என் மாமியாரைப் பெற்றவள்.

"ஜாடி இருக்கு. ஆனா சும்மா தூக்கிக் குடுக்க முடியாதுங்க" என்றார் அவர். "இந்தச் சீட்டுல முத்திரை இல்ல, கையெழுத்து இல்ல. சீனர் சமாதிக் கல்லுல பிள்ளைங்க பேரு வெட்டியிருக்கும். அதுல உங்க மாமியார் பேரு இருந்தா கையோட வாங்கிட்டுப் போங்க."

"கல்லு எங்க?"

"உடைச்சாச்சே. மிஸ்டர் கூ எல்லாக் கல்லையும் படம் எடுத்து வச்சிருந்தாரு. அவரும் ஜனவரியில இறந்துட்டாரு. அவரு வீட்டுல கேட்டுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். மாமியார் வெகுநேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

"எலும்ப வாங்கி நான் என்ன பண்ணப்போறேன், தவமணி" என்றார் கடைசியில். "அந்தக் கல்லுல என் பேரு இருக்கா இல்லையா. அது மட்டும் தெரியணும். இல்லன்னா தலை முழுகிட்டு வீட்டுக்கு வந்துடுறேன். நானும் வருவேன், கூட்டிட்டுப் போ."

கூ வீட்டில் அவருடைய மனைவி சியூ கெய்க் ஆன்ட்டி மட்டும் இருந்தார். மாமியார் வயதுதான், எழுபதைத் தொடவில்லை. இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மலாயில் சிரித்தார். "மூஞ்சி எங்க மூஞ்சி, சேலை உங்க சேலை. உள்ள வாங்கக்கா."

மாடியில் பின்னறை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, மேசைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் கூவின் சர்வர். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூவாயிரத்துச் சொச்சம் கற்களை இரண்டு வருஷம் வெயிலில் நின்று படமெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கல்லின் எண்ணையே பெயராக வைத்து, இந்தப் பெட்டியில் போட்டிருந்தார். வேறு எங்கும் நகல் இல்லை. சொந்தப் பெட்டி மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"காலையில சுவிட்சைத் திறந்தா நல்லா வேலை செய்யுது. கொஞ்ச நேரத்துல செத்த மாதிரி ஆயிடுது" என்றார் ஆன்ட்டி. "கம்ப்யூட்டர் கடைக்காரப் பையன் வந்து பார்த்தான். ஒண்ணும் கோளாறு இல்லைன்னுட்டுப் போயிட்டான். அவன் போன அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் செத்துடுச்சு."

நான் பினாங்கில் டிஸ்க் செய்யும் ஆலையில் பதினெட்டு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தவள். என் கை வழியாகப் போன டிஸ்க்குக்குக் கணக்கில்லை. இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது என்கிற திமிர் எனக்கு உண்டு. திங்கட்கிழமை முழுக்க அந்தத் திமிரோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியில் ஐந்து ஹார்ட் டிஸ்க். ஐந்திலும் விஷயத்தைப் பிரித்துப் பிரித்து எழுதி வைத்திருக்கும். ஒன்று போனால் மற்ற நாலும் சேர்ந்து கணக்குப் போட்டு அதிலிருந்ததைச் சொல்லிவிடும். இரண்டு போனால் எல்லாம் போச்சு. கேபிளை மாற்றினேன், மின்சாரம் வரும் வயரை மாற்றினேன். மாற்றமில்லை. சோதனை நிரலை ஓட்டினால் ஐந்தும் நலம் என்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி மறுபடி திறந்து பார்த்ததில்தான் பிடிபட்டது. குளிர்ந்து கிடந்து எழுந்தால் நாற்பது நிமிஷம் ஒழுங்காக இருக்கிறது. சூடேறியதும் ஐந்தாவது டிஸ்க் தடுமாறுகிறது. படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது, அதற்காக மற்ற நாலும் காத்து நிற்கின்றன. கடைக்காரப் பையன் குளிர்ந்த டிஸ்க்கைச் சோதித்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அந்த அஞ்சாவத வெளிய எடுத்துட்டா போதும் ஆன்ட்டி. மத்த நாலும் தாராளமா ஓடும். நாளைக்குக் காலையில படம் கையில" என்றேன். மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விளங்கியிருக்காது. ஆனாலும் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைத் திறந்து ஓடவிட்டேன். நாற்பது நிமிஷம் கழித்து, சொல்லி வைத்த மாதிரி திரையில் ஐந்தாவது டிஸ்க் பிழை என்று வந்தது. டிஸ்க்குகளின் மேல் கூ தன் கையால் எண் எழுதி ஒட்டியிருந்தார். அடியில் கிடந்ததை ஒரு கேபிள் மறைத்திருந்தது. அதற்கு மேலே இருந்ததில் தெளிவாக 5 என்று இருந்தது. ஆலையில் முதல் நாள் சொல்லித் தருவது, எடுப்பதற்கு முன் டிஸ்க்கில் அச்சடித்திருக்கும் நீண்ட எண்ணைச் சரிபார் என்பதைத்தான். நான் பார்க்கவில்லை. ஐந்து என்றால் ஐந்துதானே. வயரைப் பிடுங்கி, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை உருவினேன்.

உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க்கைக் கையில் திருப்பினால் உயிருள்ள மீன் மாதிரி முறுக்கும். எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் நழுவிற்று. பெட்டியின் இரும்பு விளிம்பில் டங்கென்று இடித்தது. திரையைப் பார்த்தேன். நான்காவது டிஸ்க் இல்லை, ஐந்தாவது தடுமாறுகிறது, சேமிப்பு முழுவதும் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தது.

மறைத்த கேபிளை விலக்கினேன். அடியில் கிடந்த டிஸ்க்கில் 6 என்று எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு.

"ஆன்ட்டி, நாலு எங்க?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"நாலா? ஐயோ, நாலு அவரு எழுதவே மாட்டாரே" என்றார் ஆன்ட்டி. "ஆஸ்பத்திரியில நாலாம் நம்பர் கட்டில் குடுத்தாங்க. மூச்சு வாங்குது, அப்பவும் வேணாம்னு வராந்தாவுல உக்காந்துட்டாரு."

சீனத்தில் நாலும் சாவும் ஒரே சத்தம். எனக்கு இது நேற்றா தெரியும்? பினாங்கில் நான் குடியிருந்த அடுக்குமாடி லிஃப்டில் மூன்றுக்கு அடுத்தது ஐந்துதான். பதினெட்டு வருஷம் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறேன். மூவாயிரம் சமாதிக்கு முன்னால் நின்று படமெடுத்த மனுஷர், நாலு என்று எழுதப் பயந்திருக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன? எண்ணைப் பார்க்காத கை என்னுடையது.

இடிபட்ட டிஸ்க்கை மறுபடி செருகினேன். டொக், டொக் என்று இரண்டு முறை தட்டிவிட்டு அடங்கிப்போனது. நல்ல டிஸ்க்கை நான் கொன்றுவிட்டேன்.

மாமியாரிடம் சொல்லாமல் மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பழைய பெட்டி, தானாகவே போய்விட்டது என்றால் நம்பிவிடுவார். ஆனால் அவர் நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதம் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தை, நான் தப்புப் பண்ணிட்டேன். கெட்டத எடுக்கறதுக்குப் பதிலா நல்லத எடுத்து உடைச்சுட்டேன்."

"அப்ப படம்?"

"தெரியல."

சண்டைக்காவது வந்திருக்கலாம். அடுப்பில் பால் பொங்கிவிட்டால்கூட மூன்று நாள் குத்திக்காட்டும் மனுஷி, அன்றைக்கு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சற்று நேரம் கழித்து, முதுகைக் காட்டியபடியே, "அந்தக் கெட்டது இன்னும் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. நம்ப முடியாது என்று நான் தூக்கிப் போடவிருந்த அந்த ஆறு என்று எழுதிய டிஸ்க்தான் இப்போது கதி. அதில் இருப்பது முழுவதையும் புது டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டால், மீதி மூன்றோடு சேர்த்து நாலு ஆகிவிடும். நாலு இருந்தால் படங்கள் வரும். ஆனால் அது நாற்பது நிமிஷம்தான் தாங்கும். நாற்பது நிமிஷம் எடுப்பது, நிறுத்துவது, ஆறவிடுவது, விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுப்பது. வேறு வழியில்லை.

புதன்கிழமை அதைத் தனியாகக் கழற்றிக் கீழே கொண்டுவந்தோம். சமையலறைத் தரைதான் அந்த வீட்டில் குளிர்ச்சியான இடம். சிமெண்டுத் தரையில் மரப்பலகை, பலகையில் டிஸ்க், அதன் மேல் மேசை ஃபேன்.

"ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிடலாமே தவா" என்றார் ஆன்ட்டி.

"வச்சா உள்ள வேர்த்துத் தண்ணி கோத்துக்கும். அப்புறம் அதையும் நாம வழியனுப்பி வைக்க வேண்டியதுதான்."

"சும்மா கேட்டேன் லா. இப்படிக் கடிக்கிற."

நிமிஷத்தைப் பார்க்கும் வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். முப்பத்தெட்டாவது நிமிஷம் "போதும், நிறுத்து" என்பார். இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கே என்றால் கேட்கமாட்டார். "ஆசைப்படாத. அது களைச்சுப் போச்சு." நிறுத்தியதும் குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தொடுகிற மாதிரி. இரண்டு மணி நேரம் ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் ஆன்ட்டி கோப்பி கலக்குவார். இரண்டு பேரும் அவரவர் புருஷன்மாரைத் திட்டிப் பேசுவார்கள். ஒருவர் செத்துப்போனவரை, மற்றவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பவரை.

வியாழக்கிழமை ஒரு இடத்தில் டிஸ்க் அடம் பிடித்தது. பதினொரு முறை முயன்றும் சில துண்டுகள் வரவில்லை. அவற்றைத் தாண்டிப் போகச் சொல்லி நிரலுக்கு உத்தரவு கொடுக்க வேண்டியிருந்தது. தாண்டிய இடத்தில் எந்தப் படம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்போதுதான் மாமியார் மெல்லக் கேட்டார்.

"ஒருவேளை படம் வந்து, அதுல என் பேரு இல்லன்னா, நீ எங்கிட்ட பொய் சொல்லிடாத, தவமணி. சரியா?"

"எனக்குத்தான் சீனம் படிக்கவே தெரியாதே அத்தை. ஆன்ட்டிதான் படிக்கணும்."

"அவளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நகலெடுத்த டிஸ்க்கைப் பெட்டியில் வைத்தேன். இந்த முறை ஒவ்வொன்றின் நீண்ட எண்ணையும் சத்தமாகப் படித்து, காகிதத்தில் எழுதி, ஆன்ட்டியையும் சரிபார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கேபிளைத் தொட்டேன். பெட்டி எழுந்தது. சேமிப்பு நாலு டிஸ்க்கோடு உயிர்பெற்றது. படங்களின் பட்டியல் வரிசையாக இறங்கியது. சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக இருந்தன, சில திறக்கவே இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

1187 திறந்தது. அடியில் ஒரு கீற்று மட்டும் சாம்பல். கல் முழுசாக இருந்தது. பாசி பிடித்த கல், எழுத்துகளின் பள்ளத்தில் பழைய சிவப்புச் சாயம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் போனார். "நடுவுல உங்கம்மா பேரு. ஓங் கிம் சூ. இந்தப் பக்கம் தேதி. இங்க ஓரத்துல சின்னதா பிள்ளைங்க." விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். "ஆம்பளப் பிள்ளைங்க ரெண்டு. தெக் செங், தெக் ஹாய். பொண்ணுங்க மூணு. முதல்ல குவாட் லியான். கடைசியில குவாட் இம்."

"குவாட் ஹுவா?" என்று கேட்டேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்தார். "குவாட் ஹுவா இல்லக்கா" என்றார். "மன்னிச்சுக்கோங்க."

மாமியார் தலையை ஆட்டினார். "சரி" என்றார். "எனக்குத் தெரிஞ்சதுதான்." முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். தட்டிவிட்டார்.

"ஆன்ட்டி, பொண்ணுங்க மூணுன்னீங்களே" என்றேன். "ரெண்டுதானே படிச்சீங்க?"

"நடுவுல ஒண்ணு இருக்கு. ஆனா அது பேரு மாதிரியே இல்லையே. கல்லு வெட்டினவன் குடிச்சுட்டு வெட்டியிருப்பான்." ஆன்ட்டி முகத்தைச் சுளித்து மறுபடி பார்த்தார். "மூணு எழுத்து. கூட்டல், அப்புறம் அந்த, அப்புறம் இனிப்பு. இப்படி யாராவது பொண்ணுக்குப் பேரு வைப்பாங்களா? அர்த்தமே இல்ல."

"அர்த்தம் வேணாம். சும்மா உங்க ஹொக்கியன்ல எப்படி வருமோ அப்படியே சத்தமாப் படிங்க."

"கா" என்றார் ஆன்ட்டி. "நா. கம்."

ஆன்ட்டிக்கே தன் வாயிலிருந்து வந்தது உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. கனகம் என்ற பெயரை ஒரே ஒரு முறை கேட்டதோடு சரி, ஐந்து நாளாக அவர் அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னொரு தரம்" என்றார்.

"கா-நா-கம்."

தமிழ் தெரியாத ஒரு கல்தச்சனிடம் யாரோ போய் நின்று, இந்தச் சத்தத்தைச் சொல்லிச் சொல்லி, அதற்குப் பொருந்தும் எழுத்தைத் தேட வைத்து வெட்டியிருக்கிறார்கள். அதையும் கடைசியில் ஒட்டுப்போடவில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில், அவர் பிறந்த வரிசையில்.

என் மாமியார் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. மாமனாருக்கு ஆபரேஷன் நடந்தபோதுகூட அழவில்லை. அன்றைக்கு அந்தத் தகரக் கூரைக்குக் கீழே திரையில் கை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆன்ட்டி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கூவின் நாற்காலியில் உட்கார்ந்து தானும் அழுதார்.

"அந்தப் பேரு ஆறுமுகம் அப்பா வச்சது" என்றார் மாமியார், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "என்னைக் குடுத்தப்புறம் வச்சது. அது இவங்களுக்கு எப்படித் தெரியும் தவமணி? வந்து பாத்திருக்காங்களா? எந்த மரத்துக்குப் பின்னால நின்னு பாத்தாங்க? யாரு என்னைக் கூப்பிடறப்போ கேட்டாங்க?"

மணி பத்தரை ஆகியிருந்தது. படத்தை அச்சடித்துக்கொண்டு கிளம்பினோம், ஆன்ட்டியும் கூடவே வந்தார். ஆபீசில் குமாஸ்தா படத்தை வாங்கி உதட்டை அசைத்துப் படித்தார், மாமியாரின் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி படத்தைப் படித்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஜாடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, படிவத்தை எடுத்தார்.

"இறந்தவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

"அம்மா" என்றார் என் மாமியார்.